வழுக்கியாற்றுக்கு நான்கு சபைகள்

யாழ். குடாநாட்டில் ஆறு இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாம். அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி, அராலிப் பகுதி மக்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கோடையில் மாடு மேயும் தரவையாகக் கிடக்கும் வழுக்கியாறு, ஐப்பசி, கார்த்திகையில் ஆறாகவே எழும்பிவிடும். தெல்லிப்பழைப் பக்கத்து மேட்டுநிலத்தில் பெய்யும் மழை குளங்களை நிரப்பி, வழிந்து, வயல்களுக்கூடாக இறங்கி, ஏறத்தாழ 16 கி.மீ. ஓடி, அராலியில் கடனீரேரியைச் சேர்கிறது.

இந்தச் சின்ன ஆறு வலிகாமம் வடக்கு, தெற்கு, தென்மேற்கு, மேற்கு என்னும் நான்கு பிரதேச சபைகளின் எல்லைக்குள் ஓடுகிறது. மேலே ஒரு சபை தன் வாய்க்காலைத் துப்புரவாக்கித் தண்ணீரை விரைவாக இறக்கிவிட்டால், கீழே உள்ள சபையின் வயல் மூழ்கும். வெள்ளத்துக்கு எல்லைக்கல் தெரியாது; வரவு செலவுத் திட்டத்துக்கோ எல்லைக்கல்லைத் தவிர வேறொன்றும் தெரியாது.

இதற்கு மேல், ஒரே வாய்க்காலுக்கும் பல உரிமையாளர். பிரதான வீதி குறுக்கறுக்கும் இடத்தில் மதகு வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியது. மாகாண வீதியென்றால் மாகாணத் திணைக்களம். ஒழுங்கையென்றால் பிரதேச சபை. சிறு குளமும் வயல் வாய்க்காலும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. வீட்டுக்குள் வெள்ளம் வந்த பின்பு பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று தேடுவதிலேயே மாரி முடிந்துவிடுகிறது.

இடம்பெயர்ந்த எமது மக்களுக்கு இது எவ்வளவு நெருக்கமான பிரச்சினை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி 1990 இல் வெறுமையானது. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதுமே எழுந்து போயிற்று. அந்த வருடங்களில் வாய்க்கால் வெட்டுவார் இல்லை. குளங்களில் பற்றை மூடியது. உயர் பாதுகாப்பு வலயத்துள் மண் அரண்கள் எழும்பின. தண்ணீர் போன வழி எது என்று அறிந்த பெரியவர்கள் பலர் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலுமே காலமாகிவிட்டார்கள். 2009 க்குப் பின்னர் காணி துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பியவர்கள் வேலியை அறிந்தார்கள். வெள்ளவாய்க்காலை எல்லோரும் அறியவில்லை. பள்ளக்காணியில் அத்திவாரம் போட்டவர்களைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை. இருபது வருடம் கூரைக்கு அலைந்தவர் கோடையில் காய்ந்த நிலத்தைப் பார்த்துத்தான் வீடு கட்டுவார். ஒரு பகுதிக் காணி இன்னும் விடுவிக்கப்படவில்லை என்பதையும் மறக்கலாகாது. அங்குள்ள வாய்க்கால்களைச் சேர்க்காமல் கீறப்படும் எந்த வடிகால் படமும் தலையில்லாத படமே.

2008 கார்த்திகையில் நிஷா புயலும் 2024 கார்த்திகையில் பெங்கல் புயலும் குடாநாட்டை வெள்ளக்காடாக்கின. ஒவ்வொரு முறையும் சமைத்த உணவு வந்தது, பாய் வந்தது, பெக்கோ இயந்திரம் வந்து வீதியை வெட்டித் தண்ணீரை இறக்கியது. அதற்கு நன்றி. ஆனால் வெட்டிவிட்ட தண்ணீர் போய்ச் சேர்ந்த இடத்திலும் குடும்பங்கள் இருந்தன.

வெள்ளத்தை முழுவதும் கடலுக்கு விரட்டுவதும் எமக்குத் தீர்வாகாது. எமது நிலத்தின் அடியில் சுண்ணக்கல். நன்னீர் அதற்குள் உவர்நீரின் மேல் மிதக்கிறது. மாரியில் குளத்தில் தங்கும் தண்ணீர்தான் பங்குனி, சித்திரையில் தோட்டக் கிணற்றுக்கு வருகிறது. அராலியில் உவர்நீர்த் தடுப்பணையின் கதவு பிந்தித் திறந்தால் வயலில் வெள்ளம் நிற்கும். முந்தித் திறந்தால் நன்னீர் வீணாகும். ஆகவே மேலே குளங்களை ஆழமாக்கித் தண்ணீரை மறித்து, நடுவே மதகுகளை அகலமாக்கி, கீழே கதவைக் காலமறிந்து திறக்க வேண்டும். இம்மூன்றும் ஒரே திட்டத்தில் வராவிட்டால் ஒன்று மற்றதைக் கெடுக்கும்.

உள்ளூராட்சி சபைகளுக்கு 2023 பங்குனி முதல் 2025 வைகாசித் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். அவர்களிடம் எப்போது போவது என்பதில்தான் நாம் வழமையாகப் பிழை விடுகிறோம். வெள்ளம் நிற்கும்போது மனு எழுதுகிறோம். அந்நேரம் வருகிற வருடத்துக்கான வரவு செலவுத் திட்டம் பெரும்பாலும் எழுதி முடிந்திருக்கும். ஆடி, ஆவணியில், நிலம் வெடித்துக் கிடக்கும்போது போக வேண்டும். ஒரு சபைக்கு மட்டுமல்ல, நான்குக்கும் ஒரே மனுவை, ஒரே படத்துடன் கொடுக்க வேண்டும். பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் கொடுங்கள். மதகு திருத்த மதிப்பீடு போட்டாயிற்று என்று சொன்னால், 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். வயலை மண் போட்டு நிரவுபவரைக் கண்டால், 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி எழுத்துமூல அனுமதி உண்டா என்று கமக்கார அமைப்பு கேட்கலாம். நிரவுபவர் எமது சொந்தக்காரராய் இருப்பதும் உண்டு. அங்கேதான் வாய் அடைத்துப் போகிறது.

படத்தைக் கீறப் பொறியியலாளர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காணிக்குத் திரும்பியவர்களும், இன்னும் வெளியில் இருப்பவர்களும், வயது போனவர்களை நடுவில் இருத்தி, ஒரு ஞாயிறு பூசை முடிந்தபின் கோவில் மண்டபத்தில் கூடலாம். தூர்ந்த குளம் எங்கே, மூடிய மதகு எங்கே, முன்பு எத்தனை கண், இப்போது எத்தனை என்று ஒரு பெரிய தாளில் குறியுங்கள். பிறகு கோடையிலேயே கால்நடையாய்ப் போய்ப் பாருங்கள். தவிசாளரையும் கிராம அலுவலரையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. வழியில் பற்றை அதிகம், செருப்போடு போங்கள்.