கூத்துமாடத்தில் கம்பன்: பாலக்காட்டுத் தோற்பாவைக் கூத்தின் மொழிநிலை

ஓர் இலக்கியம் பிற்காலக் காட்சிக்கலைகளில் செல்வாக்குப் பெறுவது இருவகைப்படும். கதைக்கரு மட்டும் செல்வது ஒன்று. மூலத்தின் சொல்லும் உடன் செல்வது மற்றொன்று. ஜப்பானிய எழுத்தாளர் மியாசவா கெஞ்சியின் மறைவுக்குப் பின் 1934இல் வெளிவந்த புனைகதை, விண்மீன்களிடையே செல்லும் தொடர்வண்டியைக் கூறுவது. அக்கருவே லெய்ஜி மாட்சுமோட்டோ 1977இல் தொடங்கிய 'கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999' என்னும் படக்கதைக்கு வித்தாயிற்று. ஆயினும் அதன் சொற்கள் புதியவை. இரண்டாம் வகைக்குச் சிறந்த சான்று, பாலக்காட்டுப் பகுதியில் வழங்கும் தோற்பாவைக் கூத்தாகும்.

பாரதப்புழையை ஒட்டிய பத்திரகாளி கோயில்களில், கூத்துமாடம் எனப்படும் நிலையான அரங்கில் இக்கூத்து நிகழ்கிறது. திரைக்குப் பின்னே 21 விளக்குகள் ஏற்றப்படும். தோலில் வெட்டிய பாவைகளின் நிழல் திரையில் விழும். தாரிகனோடு போர் புரிந்துகொண்டிருந்தமையால் இராம இராவணப் போரைக் காணத் தவறிய காளிக்காகவே இது ஆடப்படுகிறது என்பது மரபு. இரவுகளின் எண்ணிக்கை கோயிலுக்கு ஏற்ப வேறுபடும். 21 இரவு ஆடும் கோயில்களும் உண்டு.

மொழியியலார் கருதத்தக்க செய்தி இதன் பாடமேயாகும். 16ஆம் நூற்றாண்டில் எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் மலையாளத்தில் தோன்றிப் பெருவழக்குப் பெற்ற பின்னரும், கூத்துமாடம் கம்பனைக் கைவிடவில்லை. புலவர் எனப்படும் கலைஞர்களுள் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பலர். அவர்கள் கம்பன் செய்யுள்களை மனப்பாடமாகப் பாடி, தமிழும் மலையாளமும் வடசொல்லும் விரவிய நடையில் விரிவுரை கூறுகின்றனர். இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு மலைத்தோட்டங்களில் தமிழ், குடிபெயர்ந்தோர் வீட்டில் பேசும் மொழி. கூத்துமாடத்திலோ அது நினைவில் காக்கப்படும் மொழி. ஒரே மாநிலத்தின் எல்லைப்புறங்களில் காணப்படும் இவ்விரு தமிழும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

இன்றைய மலையாள உரைநடையில் வினைமுற்று, திணை பால் எண் இடம் காட்டுவதில்லை. தமிழில் 'நின்றனன்' என வருவது அங்கு 'நின்னு' என்றே அமையும். உரைநடையில் இம்மாற்றம் இயல்பாக நிகழக்கூடும். செய்யுளில் அவ்வாறன்று. 'நின்றனன்' கூவிளச்சீர், 'நின்னு' தேமாச்சீர். ஈறு கெட்டால் சீரும் கெடும். எனவே பாடுவோரின் வழக்கில் இல்லாத இலக்கணக் கூறொன்றை யாப்பு காத்து நிற்கிறது எனலாம். செய்யுளையும் விரிவுரையையும் அடுத்தடுத்து வைத்து ஆராயின், நிலைத்த மொழிக்கூறுகளையும் நெகிழ்ந்தவற்றையும் ஒரே நிகழ்ச்சியில் பிரித்தறிய இயலும்.

இவ்வாய்ப்பு என்றும் நிலைக்கும் என்பதற்கில்லை. பல இரவுகளில் கேட்போரே இன்றிக் கூத்து நடப்பதை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கியுள்ளார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற இராமச்சந்திர புலவர் முதலியோர் குறுகிய நேர நிகழ்ச்சிகளையும் புதிய கதைகளையும் அமைத்துக் கூத்தைக் கோயிலுக்கு வெளியே கொண்டுசென்றனர். கலை வாழ இம்முயற்சி இன்றியமையாதது. எனினும் நேரம் சுருங்குந்தோறும் முதலில் குறைவது விரிவுரை. கேட்போருக்கு விளங்கவேண்டி மலையாளத்திற்கு மாறும்பொழுது செய்யுளும் விலகும். அந்நிலையில் கதையும் பாவையும் எஞ்சும். கூத்து முதல்வகைச் செல்வாக்கிற்குச் சான்றாகிவிடும்.

மொழிபெயர்ப்பாளர் அறியவேண்டுவதும் இதுவே. அச்சிட்ட கம்பராமாயணத்தை மட்டும் மூலமாகக் கொண்டு கூத்தை மொழிபெயர்த்தல் நிறைவுடையதாகாது. புலவர் வாயில் வழங்கும் செய்யுளின் வடிவமும், அதற்கு அவர் உரைக்கும் பொருளும் சேர்ந்ததே கூத்தின் மூலம். முழு இரவு நிகழ்ச்சிகளை ஒலிப்பதிவு செய்து, செய்யுளும் விரிவுரையும் தனித்தனியே எழுத்தில் பெயர்த்து வைத்தல், பாடுவோர் உள்ளபொழுதே செய்யத்தக்க பணியாகும்.