ஹாம்லெட்டின் கறுப்பு உடை: துயரம் மேடையேறும் விதம்

சென்ற ஆண்டு என் பேத்தி படிக்கும் பள்ளியில் ஆண்டு விழா. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்திலிருந்து அரசவைக் காட்சியைப் பிள்ளைகள் நடித்துக் காட்டினார்கள். ஹாம்லெட்டாக வந்த பையன் கெட்டிக்காரன், உச்சரிப்பு கணீரென்று இருந்தது. ஆனால் மேடைக்கு வந்த கணத்திலேயே நெஞ்சில் கைவைத்து விம்ம ஆரம்பித்துவிட்டான். பக்கத்தில் இருந்தவர்கள், “பாவம், எவ்வளவு நல்லா அழறான்” என்றார்கள். எல்லோரும் கை தட்டினோம்.

வீடு திரும்பும்போது பேத்தி கேட்டாள்: “தாத்தா, அப்பா செத்துப்போனதுக்குத்தானே அவன் அழறான்? அதுக்கு ஏன் எல்லாரும் அவனுக்குப் புத்தி சொல்றாங்க?”

குழந்தை கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. இந்த நாடகத்தின் முதல் இரண்டு காட்சிகளும் அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கின்றன. நான் கல்லூரி வாசலை மிதிக்காதவன். கடையில் வியாபாரம் மந்தமான பிற்பகல்களில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தவன். அப்படிப் படித்ததில் எனக்குப் புரிந்ததை, நம் வீடுகளில் இந்த நாடகத்தைப் பரீட்சைக்காகப் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

பட்டப்பகலில் ஒரு நள்ளிரவு

‘ஹாம்லெட்’ ஏறத்தாழ 1600-01 வாக்கில் எழுதப்பட்டது. லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் 1599-இல் கட்டப்பட்ட ‘குளோப்’ அரங்கில் நடிக்கப்பட்டது. முதலில் ஹாம்லெட் வேடம் போட்டவர் ரிச்சர்ட் பர்பேஜ். அந்த அரங்கத்துக்கு நடுவில் கூரை கிடையாது. நாடகம் பிற்பகல் 2 மணி வாக்கில் தொடங்கும். ஒரு பென்னி கொடுத்தவர்கள் மேடையைச் சுற்றி வெயிலிலும் மழையிலும் நின்றபடியே பார்ப்பார்கள். விளக்கை அணைத்து இருட்டாக்குகிற வசதியெல்லாம் அன்று இல்லை. ஆனால் நாடகமோ நள்ளிரவில், டென்மார்க்கின் எல்சினோர் கோட்டை மதில்மேல் தொடங்குகிறது.

பகல் வெளிச்சத்தில் இரவை எப்படி வரவழைப்பது? ஷேக்ஸ்பியர் அதைப் பேச்சினாலேயே செய்கிறார். காவல் மாற்ற ஒருவன் வருகிறான், பெயர் பர்னார்டோ. ஏற்கெனவே காவலில் நிற்பவன் பிரான்சிஸ்கோ. முறைப்படி, நிற்கிறவன்தான் வருகிறவனைப் பார்த்து யார் என்று அதட்ட வேண்டும். இங்கே வருகிறவன் முந்திக்கொண்டு கேட்டுவிடுகிறான். இருட்டில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை, எல்லோரும் பயந்து போயிருக்கிறார்கள் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. மணி 12 அடித்துவிட்டது என்கிறார்கள். குளிர் கடுமை என்கிறார்கள். பிரான்சிஸ்கோ, தன் மனசே சரியில்லை என்கிறான். ஏன் சரியில்லை என்று அவன் சொல்வதுமில்லை, யாரும் கேட்பதுமில்லை. அத்தோடு அவன் போய்விடுகிறான், நாடகம் முடியும்வரை அவன் வருவதே இல்லை.

காரணம் சொல்லப்படாத அந்த மனக்கனம் மேடையில் அப்படியே தங்கிவிடுகிறது. பிறகு இறந்துபோன அரசரின் ஆவி, போர்க்கவசம் அணிந்து இரண்டு முறை வருகிறது. ஒரு வார்த்தையும் பேசாமல், சேவல் கூவியதும் மறைந்துவிடுகிறது. கதாநாயகன் இன்னும் மேடைக்கே வரவில்லை. அதற்குள் அவனுடைய மனநிலை நமக்குள் வந்துவிட்டது.

வெளிச்சத்தில் ஒரு கறுப்பு

அடுத்த காட்சி அரசவை. முந்தைய காட்சிக்கு எல்லா வகையிலும் நேர்மாறு. கூட்டம், பட்டாடை, உற்சாகம். இறந்த அரசரின் தம்பி கிளாடியஸ் இப்போது அரசன். இறந்தவரின் மனைவி, ஹாம்லெட்டின் தாய் கெர்ட்ரூட், இப்போது அவன் மனைவி. அரசர் இறந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை.

கிளாடியஸ் வெகு நயமாகப் பேசுகிறான். ஒரு கண்ணில் துக்கமும் ஒரு கண்ணில் மகிழ்ச்சியுமாக, தராசுத் தட்டு இரண்டும் சரியாக நிற்கும்படிப் பேசுகிறான். முதலில் நார்வே நாட்டு விவகாரம். அடுத்து லேர்ட்டிஸ் என்ற இளைஞனுக்கு பிரான்ஸ் போக அனுமதி. அதற்குப் பிறகுதான் ஹாம்லெட் பக்கம் திரும்புகிறான். அதுவரை சுமார் 60 வரிகள் ஹாம்லெட் வாய் திறப்பதில்லை. கறுப்பு உடையில், தலை தாழ்த்தி, மேடையில் இருக்கிறான். அவ்வளவுதான்.

அவனை மேடையில் எங்கே நிறுத்துவது என்பதற்குப் பழைய பதிப்புகளில் ஒரு குறிப்பு இருக்கிறது. 1604-05-இல் வந்த இரண்டாம் பதிப்பில், அவைக்குள் நுழைவோர் பட்டியலில் ஹாம்லெட்டின் பெயர் லேர்ட்டிசுக்கும் பின்னால், கடைசியை ஒட்டி வருகிறது. இளவரசன் வரவேண்டிய இடம் அது இல்லை. 1623-இல் வந்த பெருந்தொகுப்பில் அவன் பெயர் அரசிக்கு அடுத்ததாக இருக்கிறது. முதல் பதிப்பின்படி நடித்தால், கூட்டத்தின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறவன். இரண்டாவதன்படி என்றால், தாயின் பக்கத்திலேயே நின்றும் தனியாக இருக்கிறவன். இரண்டுமே துக்கத்தின் உண்மையான நிலைகள்தாம். எதை எடுப்பது என்பது இயக்குநரின் பொறுப்பு.

ஆக, இந்தக் காட்சியில் சோகத்தைக் காட்டுவது நடிகனின் அழுகை இல்லை, சுற்றியுள்ளவர்களின் மகிழ்ச்சி. கல்யாண வீட்டில் ஒருவர் மட்டும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் எல்லார் கண்ணும் அவர் மேலேயே போகும், பார்த்திருப்பீர்கள். அதே கணக்குத்தான்.

இழவு மட்டுமா?

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அழுகையைச் சொல்லி, அது இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கினால் பிறக்கும் என்கிறார். இழவு என்றால் வேண்டியவரையோ வேண்டியதையோ இழப்பது. இளிவு என்றால் பிறர் நம்மைத் தாழ்வாக்கும்போது வருவது. அசைவு என்றால் இருந்த நிலையிலிருந்து தளர்வது. இந்த அளவுகோலை டென்மார்க் இளவரசனிடம் வைத்துப் பார்த்தால் விஷயம் துலங்குகிறது. அவனுக்குத் தந்தை போனது இழவு. தாயின் அவசரத் திருமணம் அவன் மனதுக்கு இளிவு. தனக்கு வரும் என்று நம்பிய முடி சித்தப்பன் தலைக்குப் போனது அசைவு. மூன்றும் ஒரே இரண்டு மாதத்தில் வந்தவை. அரசவையில் இருப்பவர்கள் முதலாவதை மட்டும் ஒப்புக்கொள்கிறார்கள். மற்ற இரண்டையும் பற்றி அங்கே யாரும் மூச்சு விடமுடியாது, அவற்றுக்குக் காரணமானவர்களே சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நல்ல வாக்கு, தகாத வாய்

தாய் சொல்கிறாள்: பிறந்தவை எல்லாம் இறக்கும், இது பொதுவானது, உனக்கு மட்டும் ஏன் இவ்வளவு தனிப்பட்டதாகத் தோன்றுகிறது? அந்தத் ‘தோன்றுகிறது’ என்ற சொல்லை ஹாம்லெட் பிடித்துக்கொள்கிறான். கறுப்பு அங்கி, பெருமூச்சு, கண்ணீர், வாடிய முகம் இவையெல்லாம் ஒருவன் நடித்துக் காட்டக்கூடியவை. தன் உள்ளே இருப்பது வெளிவேடத்துக்கு எட்டாதது என்கிறான்.

இதைச் சொல்பவர் யார்? வேடம் போட்டு மேடையில் நிற்கும் ஒரு நடிகர்! அழுகையை யார் வேண்டுமானாலும் நடிக்கலாம் என்று வசனம் பேசுகிறவர், தானே அழுதுகொண்டு பேசினால் வசனம் பொய்யாகிவிடும். பள்ளிக்கூடப் பையன் சறுக்கியது இங்கேதான். அவன் மேல் குற்றமில்லை, சொல்லிக்கொடுத்தவர் கவனித்திருக்கலாம்.

அடுத்து கிளாடியஸ் புத்தி சொல்கிறான். தந்தைக்காகத் துக்கம் காப்பது நல்ல குணம்தான். ஆனால் உன் தந்தையும் ஒரு தந்தையை இழந்தார், அந்தத் தந்தையும் தம் தந்தையை இழந்தார். பிடிவாதமாக நீடிக்கும் துயரம் கடவுளுக்கும் இயற்கைக்கும் விரோதம், ஆண்மைக்கும் அழகில்லை என்கிறான்.

வாசிக்கும் அன்பர்களே, இந்த இடத்தில் எனக்குப் பல நாள் தயக்கம் இருந்தது. சமணக் குடும்பத்தில் பிறந்தவன் நான். பிரிந்ததையே எண்ணி எண்ணி வருந்துவது ஆர்த்த தியானம், அது வினையைக் கட்டும் என்றுதான் எங்களுக்குப் போதனை. பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளில் முதலாவதே நிலையாமையை நினைப்பது. நாலடியாரும் செல்வம், இளமை, யாக்கை மூன்றின் நிலையாமையைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அப்படியானால் கிளாடியஸ் சொல்வதில் என்ன தப்பு? வாக்கியம் வாக்கியமாகப் பார்த்தால் தப்பே இல்லையே!

அதற்கு விடை எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. 1987-இல் என் தகப்பனார் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் காலமானார். தந்தி வந்து, ரயிலேறி, நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முகம் பார்க்கவில்லை. திரும்பி வந்ததும், சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரி ஒருவர் துக்கம் கேட்க வந்தார். “எல்லாரும் ஒருநாள் போறவங்கதானே, மனசைத் தேத்திக்கிட்டுக் கடையைத் திறங்க” என்றார். அடுத்த வார்த்தை, வரவேண்டிய பாக்கியைப் பற்றி. அவர் சொன்ன முதல் வாக்கியம் நான் சின்ன வயதிலிருந்து கேட்டது, நம்புவதும்கூட. ஆனால் அன்று அது என் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. என் துக்கம் சீக்கிரம் தீர வேண்டும் என்பதில் அவருக்கு லாபம் இருந்தது.

கிளாடியஸின் கதையும் இதுதான், ஆயிரம் மடங்காக. அண்ணனைக் கொன்றவனே அவன்தான் என்பது ஹாம்லெட்டுக்கு அப்போது தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனாலும் அந்த உபதேசத்தில் ஏதோ நெருடுகிறது. துக்கம் தீர்ந்தால்தான் அவன் ஆட்சிக்கு நிம்மதி. அதனால் இந்த வேடம் போடுகிறவர் வில்லத்தனமாகச் சிரித்துப் பேசக்கூடாது. அன்பாக, நியாயமாக, பெரிய மனுஷத்தனமாகப் பேச வேண்டும். நியாயம் கூடக்கூட ஹாம்லெட்டின் தனிமையும் கூடும்.

உடையும் வாக்கியம்

எல்லோரும் போன பிறகுதான் ஹாம்லெட்டின் தனிமொழி. அதுவரை அளந்து பேசியவன் இப்போது ஒரு வாக்கியத்தைக்கூட நேராக முடிக்க முடியாமல் தவிக்கிறான். இந்த உடம்பு கரைந்து போகாதா என்கிறான். உலகமே களை மண்டிய தோட்டம் என்கிறான். இரண்டு மாதம் என்று தொடங்கி, இல்லை, அதுவும் இல்லை என்று திருத்துகிறான். ஒரே மாதத்துக்குள் தாய் மணந்துகொண்டதைச் சொல்ல வந்து, நடுவில் தந்தை அவளை எப்படி நேசித்தார் என்று தாவுகிறான். சவ ஊர்வலத்தில் அவள் அணிந்து நடந்த காலணிகூடப் பழசாகவில்லையே என்கிறான். ஒரு மாதம் என்ற கணக்கு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது.

நடிப்பவருக்கு ஷேக்ஸ்பியர் கொடுத்த வழிகாட்டி இந்த உடைசல்தான். குரலை உயர்த்த வேண்டியதில்லை. எங்கே வாக்கியம் அறுகிறதோ அங்கே அறுத்து, எங்கே திரும்புகிறதோ அங்கே திரும்பினால் போதும். பின்னால் 3-ஆம் அங்கத்தில் ஹாம்லெட்டே நாடகக்காரர்களிடம், கையால் காற்றை அறுக்காதீர்கள், சொல்லுக்கேற்ற செய்கை போதும் என்று சொல்கிறான். அதே காட்சியில், தந்தை இறந்து இரண்டு மணி நேரம்தான் ஆயிற்று என்கிறான் ஹாம்லெட். நான்கு மாதம் ஆயிற்று என்று ஒஃபீலியா திருத்துகிறாள். துக்கப்படுகிறவனுக்கும் மற்றவர்களுக்கும் காலண்டர் ஒன்றில்லை.

தனிமொழி முடியும்போது ஹொரேஷியோ வருகிறான். உடனே ஹாம்லெட் முகத்தை மாற்றிக்கொள்கிறான். கருமாதிக்குச் சமைத்த பலகாரத்தையே ஆறவைத்துக் கல்யாணப் பந்தியில் பரிமாறிச் சிக்கனம் செய்துவிட்டார்கள் என்று கிண்டல்கூடச் செய்கிறான். ஆறாத துயரம் இப்படித்தான் நண்பனிடம் வேடிக்கைப் பேச்சாக வரும். அந்தப் பேச்சின் நடுவே, தந்தையைப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று மனக்கண்ணை நினைத்துச் சொல்கிறான். ஆவியை நேரில் பார்த்துவிட்டு வந்த ஹொரேஷியோ திடுக்கிட்டு, எங்கே என்று கேட்கிறான். முதல் காட்சியின் இருட்டு இந்த இடத்தில் அரசவைக்குள் வந்துவிடுகிறது.

திரையிலும் நம் மேடையிலும்

திரைப்படமாக எடுத்தவர்கள் வெவ்வேறு வழியில் போனார்கள். லாரன்ஸ் ஒலிவியே 1948-இல் கறுப்பு வெள்ளையில், மூடுபனியும் வெறிச்சோடிய கோட்டையுமாக எடுத்தார். கென்னத் பிரானா 1996-இல் கண்ணாடிகள் பதித்த ஒளிமயமான மண்டபத்தில் அரசவையைக் காட்டி, அதில் கறுப்பு உடையில் ஹாம்லெட்டை நிறுத்தினார். நான் மேலே சொன்ன கணக்குக்குப் பின்னதே நெருக்கம். 2014-இல் விஷால் பரத்வாஜ் ‘ஹைதர்’ என்று கதையைக் காஷ்மீருக்குக் கொண்டுபோனார். தந்தை காணாமல் போன வீட்டுக்கு மகன் வரும்போது, உள்ளே தாயும் சித்தப்பனும் பாட்டும் சிரிப்புமாக இருக்கிறார்கள். அங்கும் துயரத்தைக் காட்டுவது அந்தச் சிரிப்புத்தான். தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் இதை ‘அமலாதித்யன்’ என்று எழுதித் தாமே அந்த வேடமும் ஏற்றார் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய செய்தி.

அதே உண்மை, வேறு வாய்

கடைசி அங்கத்தில் ஹாம்லெட் இடுகாட்டில் ஒரு மண்டையோட்டைக் கையில் எடுக்கிறான். குழந்தையில் தன்னை முதுகில் சுமந்து விளையாட்டுக் காட்டிய விதூஷகன் யோரிக், இறந்து 23 ஆண்டுகள் ஆனவன். மாவீரன் அலெக்சாண்டரும் கடைசியில் பீப்பாய் ஓட்டையை அடைக்கும் மண்தானே என்று யோசிக்கிறான். அதன்பின் வாள்போட்டிக்குப் போகுமுன், மனதில் ஏதோ கெட்டதாகப் படுகிறது என்று சொல்லியும் போக மறுக்கவில்லை. இன்றோ நாளையோ வரத்தான் போகிறது, ஆயத்தமாக இருப்பதுதான் காரியம் என்கிறான்.

கிளாடியஸ் முதலில் சொன்னதும் இதையேதான்! எல்லோரும் இறப்பவர்கள் என்ற அதே உண்மை. அன்று அவனைக் குத்தியது, இன்று அவனே சொல்லும்போது அமைதி தருகிறது. நடுவில் அவன் நடந்துவந்த வழிதான் வித்தியாசம். அந்த வழியை அவனுக்காக இன்னொருவர் நடந்திருக்க முடியாது.

என் தகப்பனாருக்குப் பின் மூன்று, நான்கு வருஷம் கழித்து ஒருநாள் கடையில் உட்கார்ந்து நாலடியாரைப் புரட்டினேன். யாக்கை நிலையாமை அதிகாரம். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது, அன்றைக்குத்தான் ஆறுதலும் வந்தது.

பேத்திக்கு நான் பிறகு சொன்ன பதில் இதுதான்: “அவங்க சொன்ன புத்தி சரியான புத்திதாம்மா. ஆனா அவன் அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்துல சும்மா உட்கார்ந்திருக்க அங்க ஒரு ஆள் இல்ல.” வெளியூரில் வாழும் நமக்கு, ஊரிலிருந்து சாவுச் செய்தி தொலைபேசியில்தான் வருகிறது. அப்படி ஒரு செய்தி வந்த வீட்டுக்குப் போகும்போது நிலையாமையை உடனே எடுத்துச் சொல்ல வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம்.