நோயறியும் அலைபேசி

நுழையும்முன்

தாம் கூறுவது மருத்துவரோடு நின்றுவிடும் என்னும் நம்பிக்கையில்தான் நோயாளர் தம் துன்பத்தை மறைக்காமல் உரைக்கிறார். இன்றோ, நாம் வாய் திறவாமலேயே நம்மைப்பற்றிப் பேசும் கருவி ஒன்று நம் கையில் இருக்கிறது. அலைபேசி திரட்டும் தரவுகளை நலவாழ்வுத் துறையினர் கேட்கும்போது எவ்வளவு கொடுக்கலாம்? எந்த உறுதிமொழியை நம்பிக் கொடுக்கலாம்?

கோபுரங்கள் எழுதும் நாட்குறிப்பு

நாம் அலைபேசியில் பேசும்போதும் குறுஞ்செய்தி அனுப்பும்போதும் அது அருகிலுள்ள கோபுரத்தோடு தொடர்பு கொள்கிறது. எந்த எண், எந்தக் கோபுரம், எந்த நேரம் என்னும் விவரங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினியில் பதிவாகின்றன. கட்டணம் கணக்கிடப் பயன்படும் பதிவுதான் இது. எனினும், கோபுரங்கள் மாறும் வரிசையைத் தொடர்ந்து நோக்கினால், ஒருவர் எங்கிருந்து எங்குச் சென்றார் என்பது புலப்பட்டுவிடும்.

அவ்வாறு புலப்படுவது உயிர்காக்கவும் உதவும். கென்ய நாட்டில் 2008ஆம் ஆண்டு ஜூன் முதல் ஓராண்டுக் காலம், ஏறத்தாழ 1.5 கோடி அலைபேசிகளின் இடப்பெயர்ச்சியை ஆய்வாளர்கள் மலேரியா பரவிய வரைபடத்தோடு ஒப்பிட்டனர். விக்டோரியா ஏரிப் பகுதியிலிருந்து தலைநகர் நைரோபியை நோக்கி, பயணம் செய்யும் மனிதரோடு நோய்க்கிருமியும் செல்வது அதனால் தெரியவந்தது. கொசு ஒழிப்பு மட்டும் போதாது, மனிதப் போக்குவரத்தையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதை அவ்வாய்வு உணர்த்திற்று. அங்கு எவருடைய பெயரும் தேவைப்படவில்லை.

பெயரை நீக்கினால் போதுமா?

பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டால் தரவு பாதுகாப்பானதாகிவிடும் என்று பலரும் கருதுகின்றனர். இக்கருத்து முழுவதும் சரியன்று. 15 இலட்சம் பேரின் 15 மாத அலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, இடமும் நேரமும் சேர்ந்த நான்கே குறிப்புகளைக் கொண்டு நூற்றுக்கு 95 பேரை ஏனையோரிடமிருந்து தனித்துப் பிரித்தறியலாம் என்று காட்டியது.

இதில் வியப்பில்லை. இரவில் ஒரு தெருவிலும் பகலில் ஒரு பள்ளியிலும் இருக்கும் அலைபேசிகள் எத்தனையோ உண்டு. அவற்றுள், வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் நிலையத்தருகே நான்கு மணி நேரம் தங்குவது பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். அது யாருடையது என்பதை அத்தெருவில் வாழ்வோர் எளிதில் சொல்லிவிடுவர். வேலை தருபவரோ காப்பீட்டு நிறுவனமோ இதனை அறிந்துகொள்ள மருத்துவச் சான்றிதழ் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

சியோல் கண்ட உண்மை

மெர்ஸ் என்னும் நோயால் 2015ஆம் ஆண்டு பெரிதும் பாதிக்கப்பட்ட தென்கொரியா, தொற்றுக் காலத்தில் அலைபேசி இருப்பிடத் தரவுகளை அரசு பெறுவதற்கு ஏற்பத் தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. 2020 மே மாதம், தலைநகர் சியோலின் இத்தேவோன் பகுதியிலுள்ள இரவு விடுதிகளில் கொரோனா தொற்றுப் பரவியது. அங்குள்ள கோபுரங்களோடு தொடர்பிலிருந்த பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோரின் பட்டியலை அரசு பெற்றது. அவ்விடுதிகளுள் சில, பாலினச் சிறுபான்மையினர் கூடும் இடங்கள். தம் அடையாளம் வெளிப்பட்டால் வேலையும் உறவும் போய்விடும் என்று அஞ்சிய பலர் பரிசோதனைக்கு வரத் தயங்கினர். பட்டியல் அரசின் கையில் இருந்தும் அத்தயக்கத்தைப் போக்க அதனால் இயலவில்லை.

சியோல் மாநகராட்சி வேறொரு வழியை நாடியது. பெயர் கூற வேண்டியதில்லை, தொலைபேசி எண் மட்டும் போதும் என்று அறிவித்தது. பரிசோதனைக்கு வந்தோரின் எண்ணிக்கை உடனே உயர்ந்தது. தனியுரிமையும் பொதுநலமும் எதிரெதிரானவை என்று மேடைகளில் பேசுவோர் இந்நிகழ்வைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும்.

வாக்கும் சட்டமும்

சிங்கப்பூர் 2020 மார்ச் மாதம் ‘டிரேஸ்டுகெதர்’ என்னும் செயலியை வெளியிட்டது. அருகருகே இருக்கும் அலைபேசிகள் புளூடூத் வழியாகத் தம் குறியீடுகளைப் பரிமாறிக்கொள்ளும். ஒருவருக்குத் தொற்று உறுதியானால், அவரோடு நெருங்கியிருந்தவர்களை நலவாழ்வுத் துறையினர் கண்டறிவர். இத்தரவு அதற்கு மட்டுமே பயன்படும் என்று அமைச்சர் ஒருவர் உறுதியளித்திருந்தார். ஆனால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி காவல்துறையும் அதனைப் பெற இயலும் என்னும் செய்தி 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வெளியாயிற்று. கொலை வழக்கு ஒன்றில் அது முன்னரே பயன்படுத்தப்பட்டிருந்தது. எதிர்ப்பு எழவே, அடுத்த மாதம், ஏழு வகைக் கொடுங்குற்றங்களுக்கு மட்டும் அப்பயன்பாட்டை வரையறுத்துச் சட்டம் இயற்றப்பட்டது.

கொலையாளியைக் கண்டறிவது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதே. ஆயினும், மக்கள் கொடுத்தது நோய்த்தடுப்பிற்காக. கொடுத்த காரணம் ஒன்றாகவும் பயன்படுத்தும் காரணம் வேறாகவும் இருந்தால், அடுத்த முறை கேட்கும்போது கொடுப்போர் குறைவர்.

இத்தகைய இடரைத் தொழில்நுட்பத்தாலும் ஓரளவு தவிர்க்கலாம். ஆப்பிள், கூகுள் நிறுவனங்கள் 2020 ஏப்ரலில் அறிவித்த முறையில், யார் யாரோடு இருந்தார் என்னும் பதிவு அவரவர் அலைபேசியிலேயே தங்கிவிட்டது. தொற்றுக்கு ஆளானவரின் குறியீடுகளைத் தன்னிடமுள்ளவற்றோடு அலைபேசியே ஒப்பிட்டுப் பார்த்து உரியவரை எச்சரித்தது. ஓரிடத்தில் குவியாத தரவை எவரும் ஓரிடத்திலிருந்து எடுத்துக்கொள்ள இயலாது.

இந்தியாவின் நிலை

‘ஆரோக்கிய சேது’ செயலி 2020 ஏப்ரல் 2 அன்று வெளியானது. புளூடூத் தொடர்போடு இருப்பிடத்தையும் அது பதிவு செய்தது. மே மாதத் தொடக்கத்தில் பணியாளர் அனைவருக்கும் கட்டாயமாக்கப்பட்ட அச்செயலி, அம்மாத நடுவில் வந்த ஆணையால் இயன்றவரை பயன்படுத்த வேண்டியதாகத் தளர்த்தப்பட்டது. மே 11 அன்று வெளியான நெறிமுறை, திரட்டிய தரவைப் பொதுவாக 180 நாள்களுக்குமேல் வைத்திருத்தல் கூடாது என்றது. அப்போது தரவுப் பாதுகாப்பிற்கெனத் தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை.

ஆனால், தீர்ப்பு ஒன்று இருந்தது. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகக் கூறியது. மலேரியா, டெங்கு போன்ற நோய்கள் பரவும்போது மருத்துவமனைப் பதிவுகளை அரசு ஆராய்வதில் நியாயம் உண்டு என்பதையும், அப்போது தனிமனிதரின் அடையாளம் காக்கப்பட வேண்டும் என்பதையும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது.

2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 7ஆம் பிரிவு, கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவ உதவி வழங்குவதற்காக ஒருவரின் இசைவைப் பெறாமலும் அவருடைய தரவைக் கையாள இடமளிக்கிறது. கொண்ட நோக்கம் நிறைவேறியதும் தரவை அழிக்க வேண்டும் என்னும் கடமையையும் அச்சட்டம் விதித்துள்ளது. அரசு கையாளும் தரவிற்கு 17ஆம் பிரிவு அக்கடமையிலிருந்து விலக்களிக்கிறது. இன்னொரு கொள்ளைநோய் வருமானால், 180 நாள் போன்ற வரம்பு இருக்குமா என்பது அன்றைக்கு வெளியாகும் ஆணையைப் பொறுத்ததாகும்.