டெண்டர் எல்லோருக்கும் பொதுவா?

கந்தப்பளை டவுனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்து லயத்திலிருந்து வந்து மேசன் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் கேட்டார்: "தம்பி, டெண்டர்னா எல்லாருக்கும் பொதுன்னு சொல்றாங்க. அப்புறம் எப்படி ரோட்டுக்குச் சீனாக்காரன், ரயிலுக்கு இந்தியாக்காரன்னு முன்னாடியே முடிவாகுது?"

அவர் சொன்னதில் பிழையில்லை. ஓமந்தை – பளை ரயில் பாதையை இந்தியக் கடனில் இந்திய அரச நிறுவனமான இர்கான் அமைத்தது. மாத்தறைக்கு அப்பால் நீளும் தெற்கு அதிவேகப் பாதையைச் சீனக் கடனில் சீனக் கம்பனிகள் போட்டன.

வெளிநாட்டுப் பொருளை உள்ளூர்ப் பொருளைவிடக் கீழாக நடத்தக்கூடாது என்பது உலக வர்த்தகத்தின் அடிப்படை விதி. 'காட்' உடன்படிக்கையின் 3ஆவது உறுப்புரை அதைச் சொல்கிறது. அரசாங்கம் தன் தேவைக்கு வாங்குவதற்கு அந்த விதி பொருந்தாது என்பதையும் அதே உறுப்புரைதான் சொல்கிறது.

இந்த விலக்கு ஒடுக்கமானது. சூரிய மின் திட்டத்தில் உள்நாட்டுத் தகடுகளையே பயன்படுத்த வேண்டும் என்றது இந்தியா. அமெரிக்கா 2013இல் முறையிட்டது. 2016இல் இந்தியா தோற்றது. காரணம், அரசு வாங்கியது மின்சாரத்தை, தகடுகளை அல்ல. தேத்தண்ணி வாங்குகிறவர் கேத்தல் எந்த நாட்டில் செய்தது என்று நிபந்தனை போட்டது மாதிரி என்றேன். அண்ணன் சிரித்தார்.

கொள்வனவுக்கென்றே உலக வர்த்தக அமைப்பில் தனி உடன்படிக்கை ஒன்று உண்டு. 2014இல் நடைமுறைக்கு வந்த அதன் திருத்திய வடிவம், சேர்ந்த நாடுகளுக்குள் பாகுபாட்டைத் தடுக்கிறது. இலங்கை 2003 முதல் அதில் வெறும் அவதானிப்பாளர். இந்தியாவும் சீனாவும்கூட உறுப்பினர்கள் அல்ல. சேர்ந்திருந்தாலும் பெரிதாக மாறியிராது. தேசப் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், மாற்றுத்திறனாளிகளின் உற்பத்தி, சிறைத் தொழில் ஆகியவற்றோடு, வெளிநாட்டு உதவிக்கும் அதில் விலக்கு இருக்கிறது. எங்களைப் போன்ற நாட்டில் பெரிய வேலைகள் பலவும் நடப்பது அந்த உதவியில்தான்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இந்த விதிகள் பார்க்கும் பாகுபாடு நாட்டுக்கு நாடு மட்டுமே. கொழும்புக் கம்பனியும் லயத்து மேசனும் அவற்றின் கண்ணில் ஒரே 'உள்ளூர்க்காரர்'. ஆனால் விலக்கு தரும் இடத்தைப் பலவீனமானவர்களுக்காகவும் பயன்படுத்தலாம். இந்தியாவில் மத்திய அரசுத் துறைகள் தம் வருடாந்தக் கொள்வனவில் 25 வீதத்தைச் சிறு, குறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 வீதம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்துபவற்றுக்கு, 3 வீதம் பெண்கள் நடத்துபவற்றுக்கு. அமெரிக்காவோ சிறு நிறுவனங்களுக்கும் சிறுபான்மையினரின் நிறுவனங்களுக்குமான ஒதுக்கீட்டை உடன்படிக்கைக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் கையெழுத்திட்டது.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏற்கெனவே இருந்த 4,000 வீட்டுத் திட்டத்துக்கு மேலதிகமானவை அவை. இப்படிக் கட்டப்படும் வீடுகளின் கூலி வேலையில் ஒரு பங்கைத் தோட்டத்து மேசன்மாரின் சங்கங்களுக்கு ஒதுக்கச் சொன்னால், மேலே சொன்ன எந்தச் சர்வதேச விதியும் குறுக்கே நிற்காது. கேட்க வேண்டியது கொழும்பிடமும் டெல்லியிடமும்.

"சங்கம்னா எத்தன பேர் வேணும்?" என்றார் அண்ணன். அதை விசாரித்துச் சொல்வதாக அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டேன்.