சூதாட்ட இயந்திரத்தின் கணக்கு யார் கையில்?

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கோர்டீலியா சொகுசுக் கப்பலுக்குப் புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. கப்பலில் கேசினோ இருக்கிறது, சூதாட்டத்தை நம் கரைக்குக் கொண்டுவரக் கூடாது என்று கட்சிகள் குரல் எழுப்பியிருந்தன. நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்கிற ஊர் புதுச்சேரி. கேசினோ என்ற பேச்சு கடலூர் மாவட்டத்துக்கு அவ்வளவு அருகில் வந்துவிட்டது.

வரலாமா, கூடாதா என்பதோடு அந்த விவாதம் முடிந்துபோனது. கூடாது என்பதுதான் என் கருத்தும். ஆனால் கோவாவிலும் சிக்கிமிலும் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் கேசினோவுக்கு அரசே உரிமம் தந்திருக்கிறது. அங்கெல்லாம் இன்னொரு கேள்வியும் உண்டு. ஸ்லாட் மெஷினுக்குள் எவ்வளவு பணம் போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்ற கணக்கை வைத்திருப்பது யார்? அந்தக் கணக்கை வெளியாள் படிக்க முடியுமா?

நெல்லிக்குப்பம் பாரி ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற விவசாயிக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. டிராக்டர் எடை மேடையில் ஏறுகிறது; பாரத்தோடு ஒரு எடை, இறக்கிய பிறகு ஒரு எடை, சீட்டு அச்சாகிறது. மேடை ஆலையின் சொத்துதான். ஆனாலும் எடைக்கல்லும் எடை மேடையும் நாட்டுக்கே பொதுவான அளவில் இருந்தாக வேண்டும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வந்து சோதித்து முத்திரை வைக்க வேண்டும். ஆலைக்கு ஒரு கிலோ, விவசாயிக்கு ஒரு கிலோ என்று இருந்தால் ஆய்வாளருக்கு அங்கே வேலையே இல்லை. கேசினோ உலகத்தில் பல ஆண்டுகள் அந்த நிலைதான் இருந்தது.

பழைய ஸ்லாட் மெஷினில் பல் சக்கரங்கள் இருந்தன. இப்போது இருப்பது ஒரு கணினி. எந்தப் படம் வந்து நிற்க வேண்டும் என்பதை ஓர் எண் உற்பத்தி நிரல் முடிவு செய்கிறது. திரையில் சுழல்வதெல்லாம் அந்த முடிவைக் காட்டும் காட்சி. உள்ளே மின்னணு மீட்டர்கள் சில உண்டு. இதுவரை பந்தயமாக வைத்த மொத்தத் தொகை, வெற்றியாகக் கொடுத்த மொத்தத் தொகை, ஜாக்பாட், ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை எல்லாம் அவற்றில் ஏறிக்கொண்டே இருக்கும். மின்சாரம் போனாலும் இவை அழிவதில்லை. முதல் இரண்டு மீட்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் கேசினோ முதலாளிக்கு நிற்கிற பணம். 10 லட்சம் ரூபாய் பந்தயமாக வந்து 9 லட்சம் திரும்பியிருந்தால் 1 லட்சம் அவருக்கு. அமெரிக்காவின் நெவாடா மாநில விதிப்படி குறைந்தது 75 விழுக்காடும் நியூ ஜெர்சியில் 83 விழுக்காடும் ஆடுபவர்களுக்குத் திரும்பிப் போக வேண்டும். வரி, உரிமக் கட்டணம், ஆடுபவருக்குச் சேர வேண்டிய பங்கு எல்லாமே அந்த மீட்டர்களை நம்பித்தான் நிற்கின்றன.

இந்த மீட்டரை எப்படிப் படிக்கிறார்கள்? இயந்திரத்தின் கதவுக்குப் பின்னால் விளையாட்டை நடத்தும் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பலகை இருக்கும். எஸ்எம்ஐபி என்பார்கள். அது கேசினோவின் மையக் கணினிக்காக வேலை பார்க்கிறது. இரண்டையும் ஒரு சீரியல் கம்பி இணைக்கிறது. வேகம் வினாடிக்கு 19,200 பிட். இன்றைய செல்போன் வேகத்துக்கு இது ஒன்றுமே இல்லை. சின்னப் பலகை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்: ஏதாவது நடந்ததா? ஒன்றும் நடக்கவில்லை என்றால் பூஜ்யம் என்று பதில் வரும். பராமரிப்பு ஊழியர் சாவி போட்டு முன்கதவைத் திறந்தால் அடுத்த பதிலில் 11 என்ற குறி வரும். மூடினால் 12. பணப்பெட்டிக் கதவு திறந்தால் 19. மின்சாரம் போனதற்கும் வந்ததற்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. எல்லாம் பதினாறடிமான எண்கள். இரவு இரண்டு மணிக்கு யார் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் மையக் கணினியில் நேரத்தோடு பதிவாகிவிடும். நடுநடுவே மீட்டர் எண்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். கேட்டால் மட்டுமே இயந்திரம் பேசும். தானாக வாய் திறக்காது.

எஸ்ஏஎஸ் என்ற இந்த நெறிமுறையை உருவாக்கியது அமெரிக்காவின் ஐஜிடி நிறுவனம், 1990-களின் தொடக்கத்தில். அதற்கு முன்பு ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்கென ஒரு பேச்சு வைத்திருந்தார். ஐந்து நிறுவனங்களின் இயந்திரங்களை வாங்கிய கேசினோ ஐந்து வகையில் கணக்கெடுக்க வேண்டியிருந்தது. மேற்பார்வை அதிகாரியின் பாடு அதைவிட மோசம். எஸ்ஏஎஸ் பரவியபோது குழப்பம் குறைந்தது. ஆனால் போட்டி நிறுவனங்கள் எல்லாம் சந்தையின் முன்னணி நிறுவனம் வகுத்த முறையில் பேச வேண்டியதாயிற்று. அந்த நிறுவனம் விதியை மாற்றினால் மற்றவர்களும் மாற வேண்டும்.

1998-ல் தயாரிப்பாளர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்று அது சர்வதேச கேமிங் தரநிலைகள் சங்கம், சுருக்கமாக ஐஜிஎஸ்ஏ. பின்னாளில் எஸ்ஏஎஸ் ஆவணத்தைப் பராமரிக்கும் பொறுப்பும் அதனிடமே வந்தது. சங்கம் வெளியிட்டதில் முக்கியமானது ஜி2எஸ்: இயந்திரமும் மையக் கணினியும் பேசிக்கொள்ளும் முறை. எஸ்2எஸ் என்பது ஒரு மையக் கணினியும் இன்னொரு மையக் கணினியும் பேசுவதற்கு. ஜிடிஎஸ், இயந்திரத்துக்குள் இருக்கும் நோட்டு வாங்கும் கருவி, டிக்கெட் பிரிண்டர் போன்ற உறுப்புகளுக்கு.

ஜி2எஸ் வந்ததும் பழைய வழக்கம் மாறியது. இயந்திரம் இப்போது தானாகவே பேசலாம். சாதாரண அலுவலக நெட்வொர்க்கில் ஓடுகிறது. செய்தி மறையாக்கம் செய்யப்பட்டுப் போகிறது. லைன் அறுந்துபோனால் நடந்ததையெல்லாம் இயந்திரம் சேர்த்து வைத்து, திரும்ப இணைந்தவுடன் ஒப்படைக்கிறது. வந்து சேர்ந்தது என்று மறுமுனை சொல்லும்வரை அழிப்பதில்லை. கனடாவில் சில மாகாணங்களின் அரசு அமைப்புகள் தங்கள் இயந்திரங்களைப் புதுப்பித்தபோது இந்தத் தரநிலையைத் தேர்ந்தெடுத்தன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வேறு வழியில் போனது: கியூகாம் என்ற நெறிமுறையை மாநில அரசே எழுதி வெளியிட்டது. இயந்திரம் விற்க வருகிறவர் அரசின் பேச்சைக் கற்றுக்கொண்டு வர வேண்டும். எனக்கு இந்த இரண்டாவது வழியில் மதிப்பு அதிகம்.

வசதியோடு ஆபத்தும் வந்தது. மையக் கணினியால் இயந்திரத்தோடு பேச முடியுமென்றால், ஆட்டத்தையும் திருப்பித் தரும் விகிதத்தையும் அங்கிருந்தே மாற்றவும் முடியும். 2006-ல் லாஸ் வேகாஸின் ட்ரெஷர் ஐலண்ட் கேசினோவில் இதற்கான சோதனை நடந்தது. நெவாடா அதிகாரிகள் ஒரு நிபந்தனை விதித்தார்கள்: மாற்றுவதற்கு முன் நான்கு நிமிடம் யாரும் அந்த இயந்திரத்தில் ஆடியிருக்கக் கூடாது, மாற்றிய பின்னும் நான்கு நிமிடம் யாரையும் ஆட விடக் கூடாது. உட்கார்ந்திருப்பவர் ஜெயிக்கிறார் என்று தெரிந்து விகிதத்தைக் குறைத்துவிடக் கூடாதே!

அதிகாரியே தவறு செய்தால்? அதுவும் நடந்தது. நெவாடா கேமிங் கட்டுப்பாட்டு வாரியத்தில் நிரல்களைச் சோதிக்கும் பணியில் இருந்த ரான் ஹாரிஸ், சோதனைக்குக் கொண்டுபோகும் கருவியிலேயே தன் நிரலைச் செருகிவிட்டார். குறிப்பிட்ட வரிசையில் நாணயம் போட்டால் பணம் கொட்டும்படி சில இயந்திரங்கள் அவர் கைக்கு மாறின. 1995-ல் அட்லாண்டிக் சிட்டியில் அவருடைய கூட்டாளி 1 லட்சம் டாலர் ஜெயித்தபோதுதான் குட்டு உடைந்தது. இந்த வகை மோசடிக்கு எதிராகச் சங்கம் வெளியிட்டிருப்பது கேட் என்ற நெறிமுறை. சோதிப்பவர் கம்பியைச் செருகிக் கேட்டால், தன்னுள் ஓடும் நிரலிலிருந்து கணக்கிட்ட ஒரு கையொப்ப எண்ணை இயந்திரம் சொல்ல வேண்டும். ஆய்வகம் சான்று கொடுத்தபோது பதிந்த எண்ணோடு ஒத்துப்பார்ப்பார்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் எண் ஒத்துவராது. எந்தக் கம்பெனி இயந்திரமானாலும் கேட்கும் முறை ஒன்றுதான் என்பதால் ஒரே ஆய்வாளர் எல்லாவற்றையும் சோதிக்கலாம்.

ஆடுபவர் கையில் தெரிகிற விளைவு டிக்கெட். முன்பு நாணயம் கொட்டிய இடத்தில் இன்று பார்கோடு அச்சிட்ட தாள் வருகிறது. அதில் ஒரு நீண்ட எண், பெரும்பாலும் 18 இலக்கம். தாளுக்கென்று தனி மதிப்பு கிடையாது. அந்த எண்ணுக்கு நேராக மையக் கணினியில் எழுதியிருக்கும் தொகைதான் பணம். ஒரு கம்பெனி இயந்திரம் அச்சிட்ட தாளை இன்னொரு கம்பெனி இயந்திரம் வாங்கிக்கொள்கிறது என்றால், பொதுப் பேச்சு இருப்பதால்தான்.

அரசு இதில் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலி சாட்சி. மதுக்கூடங்களிலும் கடைகளிலும் உள்ள ஸ்லாட் மெஷின்களை அரசின் கணினி வலையமைப்போடு இணைக்க வேண்டும் என்பது 2004-ல் உரிமம் பெற்ற பத்து நிறுவனங்களுக்கு நிபந்தனை. பல இயந்திரங்கள் காலத்தில் இணைக்கப்படவில்லை. இணைத்தவையும் சரியாகத் தகவல் தரவில்லை. 2007-ல் விவகாரம் வெளியே வந்தபோது பேசப்பட்ட தொகை 9,800 கோடி யூரோ. 2012-ல் அந்நாட்டுத் தணிக்கை நீதிமன்றம் நிறுவனங்களுக்கு விதித்தது சுமார் 250 கோடி யூரோ. மேல்முறையீட்டில் அதுவும் குறைந்தது. மீட்டரைப் படிக்காமல் போன மாதங்களின் உண்மைக் கணக்கை எந்த நீதிமன்றத்தாலும் திரும்ப எழுத முடியவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். கோவாவின் 1976-ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தில் 1992-ல் சேர்த்த திருத்தம் ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் ஸ்லாட் மெஷினை அனுமதித்தது. பிறகு கப்பல்களில் மேசை ஆட்டங்களும் வந்தன. சிக்கிம் 2002-ல் தனிச் சட்டம் போட்டது. வரி ஜிஎஸ்டியில் வருகிறது: முன்பு 28 விழுக்காடு, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு. 2023 அக்டோபர் 1 முதல், கேசினோவில் ஆடுபவர் பணம் கொடுத்துச் சிப் வாங்கும்போதே அந்தத் தொகைக்கு வரி. ஜெயித்த பணத்தில் மறுபடி ஆடினால் அதற்கு இல்லை. வசூலிக்க எளிய ஏற்பாடு. கல்லாவைப் பார்த்தாலே போதும் என்றாகிவிடுகிறது. இதனாலேயே இயந்திரத்தின் மீட்டரைப் படிக்கும் அவசரம் வரி அதிகாரிக்கு இல்லாமல் போகிறது என்று நினைக்கிறேன். ஆட்டம் நேர்மையாக நடக்கிறதா என்பதற்குக் கல்லாவில் பதில் கிடையாது.

கடலூர், சிதம்பரம் பக்கமிருந்து வேலைக்குப் போனவர்கள் பலர் இருக்கும் சிங்கப்பூரில் 2010-ல் இரண்டு கேசினோக்கள் திறந்தன. அங்கே குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாள் நுழைய 150 வெள்ளி கட்ட வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் போன்ற வெளிநாட்டவருக்குக் கட்டணம் இல்லை. தன்னை உள்ளே விடாதீர்கள் என்று ஒருவர் தானே எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளும் வசதி உண்டு. இயந்திரம் எதுவானாலும் ஒழுங்குமுறை ஆணையத்தின் தொழில்நுட்பத் தரநிலைப்படி அனுமதி பெற்ற பிறகே தளத்தில் வைக்கலாம். பிள்ளையை அனுப்பி வைத்த குடும்பங்கள் இந்த விவரங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தமிழ்நாட்டில் கேசினோ இல்லை. லாட்டரியும் 2003-ல் போனது. ஆனாலும் இயந்திரத்தில் கைவைக்கும் சிக்கலை நம் நீதிமன்றங்கள் அறியாமல் இல்லை. 1995-ல் கர்நாடக வீடியோ கேம் நிலையங்கள் குறித்த எம்.ஜே.சிவானி வழக்கில், ஆடுபவர் தோற்கும்படி இயந்திரத்தையே மாற்றியமைக்க முடியும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு உரிமம் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. இன்று நம் வீடுகளுக்குள் வந்திருக்கும் இயந்திரம் செல்போன். ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் செய்திகள் பெருகியபோது, 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்தது, தடைச் சட்டமும் வந்தது. 2023 நவம்பரில் ரம்மி, போக்கர் மீதான தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது; ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசிடம் நின்றது. 2025 பிப்ரவரியில் வந்த விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்துக்குத் தடை போட்டன; ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கின. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்றது. ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுகளை முழுவதுமே தடை செய்யும் மத்தியச் சட்டம் நிறைவேறியது.

சட்டத்தைக் கொண்டுவந்தவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் நள்ளிரவில் ஆட்டம் நின்றதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்லாட் மெஷினிலாவது கதவு இருக்கிறது, கம்பி இருக்கிறது, 11 என்ற குறி இருக்கிறது. ஆன்லைன் ஆட்டத்தில் எல்லாம் நிறுவனத்தின் சர்வருக்குள் நடக்கிறது; வெளிநாட்டுத் தளமென்றால் அந்தச் சர்வர் நம் சட்டத்துக்கே எட்டாது. இணைய நிறுவனங்கள் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரே வடிவத்தில் தரவு தருவதற்கென்று ஐஜிஎஸ்ஏ ஒரு தரநிலையை வெளியிட்டிருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. குயின்ஸ்லாந்து செய்ததுபோல நாமே எழுதலாம். தடை நிலைத்தாலும் சரி, நாளை ஏதோ ஒரு வடிவில் உரிமம் திரும்பினாலும் சரி, எந்த விவரம், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை, அரசின் எந்தக் கணினிக்கு வந்து சேர வேண்டும் என்ற அட்டவணை விதியோடு சேர்ந்தே வர வேண்டும். பிள்ளையின் கணக்கிலிருந்து விடிகாலை மூன்று மணிக்குப் பணம் போனது என்று நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தாய் கடலூர் சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுத்தால், நிறுவனத்தின் விளக்கக் கடிதத்துக்காகக் காத்திருக்காமல் அந்த மூன்று மணிப் பதிவை ஆய்வாளர் தானே எடுத்துப் படிக்க முடிய வேண்டும்.