சிறுவர் படநூல்களும் ஊராட்சியும்

குழந்தைகளுக்காகப் பாப்பாப் பாட்டு இயற்றிய பாரதியார் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த கடையம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த ஊர். இங்கு பள்ளிக்குப் புதிதாய்ச் செல்லும் உழவர் வீட்டுக் குழந்தை மயிலையும் மந்தியையும் நேரில் கண்டறியும். அப்பெயர்களை எழுத்தில் கண்டாலோ மலைத்து நிற்கும். அறிந்த பொருளையும் அறியாத எழுத்தையும் இணைப்பது படநூல். மயிலின் படத்தைக் கண்டதும் குழந்தை தானே பெயரைச் சொல்லி, அடியிலுள்ள எழுத்தோடு அதனைப் பொருத்திக் கொள்கிறது.

1957-ல் நிறுவப்பெற்ற நேஷனல் புக் டிரஸ்ட் தமிழிலும் இத்தகைய நூல்களை வெளியிட்டு வருகிறது. தமிழகப் பள்ளிக் கல்வித்துறை 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் சிறு படநூல்களை அரசுப் பள்ளிகளுக்கு வழங்கியது.

கிழிந்துவிடுமென அஞ்சி இந்நூல்களை அலமாரியில் பூட்டி வைத்தலாகாது. கிழிந்த ஏட்டை ஒட்டலாம். கடந்த பருவத்தை மீட்க இயலாது. 1948-ஆம் ஆண்டின் நூலகச் சட்டப்படி வீட்டு வரியுடன் நூலக வரியும் செலுத்துகிறோம். ஆதலின், கிளை நூலகத்தில் படநூல்கள் வேண்டுமெனக் கேட்பது நமது உரிமையாகும். ஊராட்சி உறுப்பினர்கள் இதனைக் கிராம சபையில் வலியுறுத்த வேண்டும். எழுத்தறியாத பெரியோரும் அந்தி வேளையில் படத்தைக் காட்டி, தாம் கேட்ட பழங்கதைகளைப் பேரக்குழந்தைகளுக்குச் சொல்லலாம். எழுத்தைக் குழந்தை தானே தேடி வரும்.