முனைவர் ஆய்வு: கைக்கணக்கும் திரைக்கணக்கும்

கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு ஜி.என். ராமச்சந்திரன் தலைவராக வந்த ஆண்டு 1952. வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே.டி. பெர்னல், கொலாஜன் என்கிற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று அவரிடம் சொன்னார். நம் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருக்கிற புரதம் அது. பக்கத்திலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து மாதிரி கிடைத்தது. ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து, சுருள் வடிவ இழைகள் மூன்று சேர்ந்த அமைப்பு அது என்று 1954இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்.

அந்த அமைப்பில் சில அணுக்கள் இயற்கைக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை சொன்னார்கள். அப்படியானால் அணுவும் அணுவும் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு கிண்டியில் உட்கார்ந்தவர்கள்தான், பின்னாளில் உலகத்துப் பாடப்புத்தகங்களில் எல்லாம் இடம்பெற்ற ஒரு படத்தை வரைந்தார்கள்.

அவர்கள் செய்த வேலையைச் சொல்லிவிட வேண்டும். அதுவரை உலகில் வெளியான படிக அமைப்புக் கட்டுரைகளைத் தேடியெடுத்து, எந்த அணுவுக்கும் எந்த அணுவுக்கும் இடையே குறைந்தபட்சம் எவ்வளவு இடைவெளி இருந்திருக்கிறது என்று பட்டியலிட்டார்கள். புரதச் சங்கிலியில் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் இருபுறமும் திரும்பக்கூடிய இரண்டு கோணங்கள் உண்டு. ஃபை, சை என்று அவற்றுக்குப் பெயர். இந்தக் கோணங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்று கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கைப் போட்ட சி. ராமகிருஷ்ணனிடம் இருந்தது மேசைக் கால்குலேட்டர்தான். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் எழுதிய கட்டுரை 1963இல் வந்தது. இரண்டு கோணங்களையும் இரு அச்சுகளாக வைத்து வரைந்த சதுரப் படத்தின் பெரும்பகுதி தடைபட்ட இடம், புரதம் மடங்க வழியுள்ள இடம் சில திட்டுகள் மட்டும். ராமச்சந்திரன் வரைபடம் என்பது இதைத்தான். இன்றும் எந்த நாட்டில் எவர் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் அறிக்கையில் இந்த வரைபடத்தின் சோதனையும் ஒன்று.

இனி இன்றைய ஆய்வு மாணவரின் காலத்துக்கு எப்படி வந்தோம் என்று பாருங்கள். கணினி உயிரியற்பியலில் ஒரு புரதத்தின் அசைவை முதன்முதலாகக் கணினியில் ஓடவிட்டது 1977இல். மெக்காமன், கெலின், கார்ப்ளஸ் மூவரும் 58 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னஞ்சிறு புரதம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அவர்களால் பார்க்க முடிந்தது பத்து பிகோ விநாடிக்கும் குறைந்த நேரத்து அசைவு. 2010இல் இதற்கென்றே கட்டிய ஆன்டன் என்ற கணினி அதே புரதத்தை ஒரு மில்லி விநாடி முழுக்க ஓடவிட்டது. ஏறத்தாழ 10 கோடி மடங்கு. 2020இல் ஆல்ஃபாஃபோல்ட் 2 வந்தது. அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் மடிந்த வடிவத்தை ஊகித்துத் தருகிற மென்பொருள் அது. 2024இன் வேதியியல் நோபல் பரிசில் பாதி அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போயிற்று. புரதங்களைப் புதிதாக வடிவமைத்த டேவிட் பேக்கருக்கு மறுபாதி. இருபது கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் ஊகிக்கப்பட்ட வடிவங்கள் இப்போது எவரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் கிடக்கின்றன.

இந்த வளர்ச்சி எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஒரு கவலையும் கூடவே வருகிறது. கிண்டியில் கட்டுரை கட்டுரையாகத் தேடிச் சேர்த்தார்களே, அந்த மாதிரி எண்கள் எல்லாம் இன்று மென்பொருளுக்குள் ஒரு கோப்பாக அடங்கியிருக்கின்றன. எந்த அணு எந்த அணுவை எவ்வளவு இழுக்கும், எவ்வளவு தள்ளும் என்று சொல்லும் கோப்பு. அதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல் ஒரு மாணவர் ஆய்வேட்டை முடித்துவிட முடியும். வைவாவில் எவரும் கேட்காமலும் போகலாம்.

இது உயிரியற்பியலோடு நிற்கும் விஷயமில்லை. ஒளியிழை ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். கொலாஜன் கட்டுரை வந்த அதே 1954இல், அதே நேச்சர் இதழில், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த நரிந்தர் சிங் கபானியும் அவருடைய நெறியாளர் ஹாப்கின்ஸும் ஒரு கட்டுரை எழுதினார்கள். கற்றையாகச் சேர்த்த கண்ணாடி இழைகளின் வழியே ஒரு படத்தை அனுப்பிக் காட்டிய கட்டுரை. ஆனால் அன்றைய கண்ணாடியில் ஒளி வெகுதூரம் போகாது. 1966இல் சார்லஸ் காவோவும் ஹாக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, நல்ல கண்ணாடி என்று சொல்லப்பட்டதிலேயே கிலோமீட்டருக்கு 1,000 டெசிபெல் அளவுக்கு இழப்பு. அதாவது 20 மீட்டர் போவதற்குள் நூற்றில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். குறை கண்ணாடியில் இல்லை, அதில் கலந்த மாசில் இருக்கிறது என்றும், கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் வரை குறைத்துவிட்டால் தொலைத்தொடர்புக்கு ஆகும் என்றும் அவர்கள் சொன்னார்கள். 1970இல் கார்னிங் நிறுவனத்தார் அந்த எல்லையைத் தாண்டினார்கள். இன்றைய இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் அளவுதான். நூறு கிலோமீட்டர் போன பிறகும் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. 2020இல் சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே கடலடியில் போட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிளுக்குள் இருப்பதும் இந்த வகைக் கண்ணாடிதான்.

ஆய்வுக்கூடத்து வேலையும் மாறிவிட்டது. முன்பு இரண்டு இழைகளை இணைப்பதே ஒரு கைவேலை. நுனியைக் கீறி நேராக உடைத்து, நுண்ணோக்கியில் பார்த்து, மைக்ரான் கணக்கில் நகர்த்தி ஒன்றுக்கொன்று நேராக்கி, மின்பொறியில் உருக்கி ஒட்ட வேண்டும். கை நடுங்கினால் மறுபடி முதலிலிருந்து. இன்று ஸ்ப்ளைசர் என்ற இணைப்புக் கருவியில் வைத்து மூடினால் சில விநாடிகளில் இணைத்து, இழப்பு எவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறது. ஒளித் தொடர்பு மாணவரின் பெரும்பொழுது இப்போது அலைகாட்டி பதிந்து கொடுத்த தரவோடு கழிகிறது. மைக்ரோ விநாடிகளில் பதிவான சமிக்ஞை, அதைச் சரிசெய்யக் கணினியில் மணிக்கணக்கான வேலை.

அங்கேயும் ஒரு பள்ளம் இருந்தது. இழையில் போகும் சமிக்ஞை சிதைவதைச் சரிசெய்ய நியூரல் வலைப்பின்னலைப் பழக்குகிறார்கள். சோதனைக்கு அனுப்பும் பிட்டுகள் பார்வைக்குத் தற்செயலானவை, ஆனால் ஒரு சிறிய விதியிலிருந்து பிறப்பவை. வலைப்பின்னல் இழையின் இயல்பைக் கற்பதற்குப் பதிலாக அந்த விதியைக் கற்றுக்கொண்டு, அடுத்த பிட் என்னவென்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. முடிவு பிரமாதமாகத் தெரிந்தது, உண்மையில் ஒன்றுமில்லை. இந்தப் பள்ளத்தை 2017இல் ஒரு கட்டுரை எடுத்துக்காட்டி எச்சரித்தது. அதை எழுதியவர்களை நான் மனதார மதிக்கிறேன். நன்றாக வந்த விடையைச் சந்தேகப்படுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

கட்டடக்கலைக்கு வருவோம். மற்ற இரண்டு துறைகளையும்விட இங்கேதான் மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. முன்பு டி-ஸ்கொயர், டிரேசிங் பேப்பர், ரோட்ரிங் பேனா, தவறான கோட்டைச் சுரண்ட ஒரு பிளேடு, அம்மோனியா வாடையடிக்கும் பிரின்ட். பழைய வீட்டையோ கோயில் மண்டபத்தையோ அளக்கப் போனால் டேப், தூக்குக்குண்டு, ரசமட்டம். இன்று லேசர் ஸ்கேனரை நடுவில் நிறுத்தினால் லட்சக்கணக்கான புள்ளிகளாக மண்டபம் திரைக்கு வந்துவிடுகிறது. திரையில் வரைவது என்கிற எண்ணமே ஒரு முனைவர் பட்ட ஆய்விலிருந்து வந்ததுதான். எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் 1963இல் கொடுத்த ஸ்கெட்ச்பேட், ராமச்சந்திரன் வரைபடத்துக்குச் சம வயது.

அதே காலத்தில் ஹார்வர்டில் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் செய்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு கிராமத்தை வடிவமைப்பதென்றால் அங்கே என்னென்ன தேவைகள் இருக்கும், எது எதோடு மோதும் என்று கணினியில் பிரித்துப் பார்த்தார். அவர் எடுத்துக்கொண்டது ஓர் இந்தியக் கிராமம். சாதிப் பிரிவு, தண்ணீர், மாடு, எரு என்று 141 தேவைகளை வரிசைப்படுத்தினார். 1964இல் அது நூலாக வந்து பெரும்பேர் பெற்றது. பிறகு 1971இல், மறுபதிப்பின் முன்னுரையில், வடிவமைப்பைவிட முறையையே பெரிதாகக் கொண்டாடும் போக்கிலிருந்து அவரே விலகிக்கொண்டார். தன் ஆய்வேட்டைத் தானே இப்படி எடைபோட்டவர்கள் குறைவு.

கட்டடத்துக்குள் இருக்கும் வெப்பத்தைப் பற்றிய ஆய்வு எனக்கு இதைவிடவும் பெரிய பாடமாகத் தோன்றுகிறது. எந்த வெப்பநிலையில் மனிதர் சுகமாக இருப்பார் என்பதற்கு டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர் 1970இல் ஒரு சமன்பாடு கொடுத்தார். கட்டுப்படுத்திய அறைகளில் ஆட்களை உட்காரவைத்துக் கண்டது. பல பத்தாண்டுகள் உலகமெங்கும் ஏ.சி. அளவுகள் அதன்மேல்தான் நின்றன. சென்னை வெயிலில் வளர்ந்தவருக்கும் அதே கணக்கா? அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்தினர் சென்னை உட்பட 5 நகரங்களின் அலுவலகங்களுக்குப் போய், வேலை செய்துகொண்டிருந்தவர்களிடமே கேட்டார்கள். 6,000க்கும் மேற்பட்ட பதில்கள் சேர்ந்தன. சன்னல் திறந்த கட்டடங்களில் இருப்பவர்கள், பழைய சமன்பாடு ஏற்றுக்கொண்டதைவிடக் கூடிய வெப்பத்திலும் சுகமாகவே இருக்கிறார்கள் என்று தெரிந்தது. எவ்வளவு பெரிய கணினியை வைத்திருந்தாலும், ஆளைப் போய்க் கேட்காமல் இதைக் கண்டிருக்க முடியாது.

மூன்று துறைகளிலும் மாணவருக்குக் கிடைத்த லாபத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. முன்பு வெளிநாட்டு ஆய்விதழ் கப்பலில் வந்து சேர மாதங்கள் ஆகும். கட்டுரையின் பிரதி கேட்டு ஆசிரியருக்கே தபால் அட்டை எழுதிக் காத்திருப்பார்கள். 2025 தொடக்கத்திலிருந்து, ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 13,000 அளவிலான ஆய்விதழ்கள் அரசுப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் திறந்திருக்கின்றன. திருச்சி என்.ஐ.டி.யில் பரம் பொருள் என்ற மீத்திறன் கணினி 2022இல் வந்துவிட்டது. புரத அசைவைக் கணக்கிடும் க்ரோமாக்ஸ் இலவச மென்பொருள். சிறிய ஊரிலிருந்து வருகிற பெண்ணும் பையனும் இன்று தொடங்குகிற இடம், கிண்டியின் முதல் தலைமுறை கனவிலும் காணாதது. ஆனாலும் அந்தத் தலைமுறை மேசைக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு உலகத்துக்கு முன்னே போனது. காரணம், தங்கள் கணக்கின் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே நெறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலாண்டில் ஒரு பருவத்தையாவது மென்பொருள் இல்லாமல் விடுங்கள். உயிரியற்பியல் மாணவர் ஒரே ஒரு அமினோ அமிலத்துக்கு அந்தக் கோணக் கணக்கைத் தாளில் போடட்டும். ஒளியியல் மாணவர் இழையைக் கையால் உடைத்து நேராக்கி ஒட்டட்டும். கட்டடக்கலை மாணவர் ஒரு வீட்டை டேப் பிடித்து அளக்கட்டும், மதியம் இரண்டு மணிக்கு அந்த வீட்டில் உட்கார்ந்து, குடியிருப்பவரிடம் புழுக்கமாக இருக்கிறதா என்று கேட்கட்டும். ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று கணக்குக் கேட்கும் பல்கலைக்கழகங்கள் அந்தப் பருவத்தில் மட்டும் எதுவும் கேட்காமல் இருக்க வேண்டும்.